பரிந்துரை அலமாரியை அடுக்கிய அம்மையாருக்கு

பக்கம் புரட்டாமல் எதையும் பாராட்டாத பண்பே! படித்ததை மட்டுமே பிறர் கையில் கொடுத்த பெருந்தகையே! இன்று பணி நிறைவு பெறும் எங்கள் தலைமை நூலகர் அம்மையீர், வணக்கம்!

வாசலை ஒட்டிய அலமாரியில் மாதந்தோறும் புதிய நூல்களைப் பரிந்துரைத்தீர்கள். மேல்தட்டில் இறைநம்பிக்கை, நடுத்தட்டில் கதை, கீழ்த்தட்டில் உண்மை வாழ்க்கை. எல்லாச் சமயத்து நூல்களும் மேல்தட்டில் தோளோடு தோள் உரசி நின்றன. இடம் போதவில்லை என்பதைத் தவிர அங்கே ஒரு சண்டையும் வந்ததில்லை. "சோகக் கதை வேணாம் மேடம்" என்பவரிடம், "முடிவு நல்லாருக்கும், நடுவுல கொஞ்சம் அழுதுக்குங்க" என்று கொடுத்தனுப்புவீர்கள். அழுதவர்களும் அடுத்த புத்தகத்துக்கு வந்து நின்றார்கள்.

பாராட்டு மடலில் தவறு ஒன்றைச் சொல்லலாமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். நாங்கள் சொல்லாவிட்டால் நீங்களே மேடையேறிச் சொல்லிவிடுவீர்கள் என்பதால் சொல்கிறோம். காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மாதம், பாதி மட்டுமே படித்த நூலைக் கீழ்த்தட்டில் வைக்கச் சொன்னீர்கள். வலக்கை இழந்த ஒருவர், இடக்கையால் தச்சுவேலை பழகியதைத் தாமே சொல்வதாக எழுதப்பட்ட நூல் அது. விபத்தில் வலக்கை போன தெருமுனைத் தச்சர் அதை எடுத்துப் போனார். நாலு அத்தியாயம் படித்ததுமே மூடி வைத்துவிட்டு, மூலையில் போட்டிருந்த ரம்பத்தைக் கையில் எடுத்தார். நீங்கள் உடம்பு தேறி இன்னொரு பிரதியில் மிச்சத்தைப் படித்தபோதுதான், அத்தனையும் கற்பனை என்ற குறிப்பைக் கடைசிப் பக்கத்தில் கண்டீர்கள்.

"விட்டுடுங்க மேடம், மனுஷன் இப்பத்தான் எழுந்து உக்காந்திருக்கார்" என்று கெஞ்சினோம்.

"என்னை நம்பித்தானே எடுத்துட்டுப் போனார்?" என்று கிளம்பிவிட்டீர்கள்.

பட்டறையில் அவர் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னீர்கள். அவர் ரம்பத்தைக் கீழே வைத்தார், புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார், உங்களைப் போகச் சொன்னார். பல வாரங்கள் நூலகப் பக்கமே அவர் தலைகாட்டவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து அப்படியே மூடுவீர்கள்.

ஒருநாள் வந்தார். இடது உள்ளங்கையில் புதிதாகக் காய்ப்பு. "இனி ரம்பத்தைத் தொடவே கூடாதுன்னுதான் இருந்தேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது, திரும்ப ஆரம்பிச்சிட்டேன். வேற புத்தகம் குடுங்க. கதையோ நெசமோ, நீங்க சொன்னா நம்புவேன்" என்றார். அன்று நீங்கள் எங்கள் முன்னால் அழுதீர்கள். நாங்களும் அழுதோம்.

கண் மங்காமல், கால் நோகாமல், கையில் புத்தகம் குறையாமல் நெடுங்காலம் வாழ்க அம்மையீர்! இனி அந்தத் தச்சர் எங்களிடம்தான் வந்து கேட்பார். அதனால் நாங்களும் கடைசிப் பக்கம்வரை படிக்கத் தொடங்கியிருக்கிறோம். கண் சொக்குகிறது, ஆனாலும் விடவில்லை.

உங்களை அனுப்ப மனமில்லாத
நூலக ஊழியர்கள்