நித்திரையில உதைக்கிற சென்டர் போர்வட்

றிசேவ் டீமாம், றிசேவ் டீம்! இரிக்கிற ஒரு டீமுக்கே கோல் போஸ்ட்டுக்கு வலையில்ல, பழைய மீன் வலையக் கட்டி வெச்சிரிக்கம், இதுக்குள்ள இவங்களுக்கு ரெண்டாவது டீம் கேக்குது... இரிங்க காக்கா, இரிங்க. அந்தப் பெயின்ட் வாளியில இரிங்களன், அது மூடின வாளிதான், சாரத்துல ஒண்டும் ஒட்டாது. ஒலுவில்ல இருந்து இந்த வெயில்ல வந்திரிக்கீங்க. மகள்! சிபானா! ஒலுவில் காக்கா ஒருத்தர் வந்திரிக்கார், தேத்தண்ணி ஒண்டு ஊத்து மகள்!... ஊடு கடைக்குப் பின்னாலதான், இப்ப கொண்டு வருவா.

நீங்க றம்ஸீனப் பத்தி விசாரிக்க வந்திரிக்கீங்க. ஓம், விளங்கிட்டு. ஒங்கட மகளுக்கு. விசாரிக்கத்தான் வேணும் காக்கா, ஒரு புள்ளய ஒருத்தன்ட கையில குடுக்கிறதெண்டா சும்மாவா? சரியான ஆளிட்டத்தான் வந்திரிக்கீங்க. சில்வர் ஷார்க் கிளப்புக்குப் பதினொரு வருஷமா நான்தான் தலைவர். அச்சிமுகம்மது எண்டு கல்முனக்குடியில ஆரிட்டயும் கேளுங்க. ஒவ்வொரு பொடியன்ட முழங்காலும் எனக்குத் தெரியும். சொல்றன், சொல்றன், றம்ஸீனுக்கு வாறன். முதல்ல இந்த றிசேவ் டீம்ட கதைய முடிச்சிட்டு வாறன், இல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்.

வாற வெள்ளிக்கிழம ஜும்ஆக்குப் பொறவு பொதுக்கூட்டம். றிசேவ் டீம வெச்சிக்கிறதா, கலைக்கிறதா எண்டு கைதூக்கணும். நான் கலைக்கணும் எண்டிறன். நம்மட செக்றட்டறி மிஹ்லார், அவன் வெச்சிக்கணும் எண்டு நிக்கான். வெளிநாட்டுப் பெரிய கிளப்பெல்லாம் சொந்தமா றிசேவ் டீம் வெச்சிரிக்காம், போன்ல படம் காட்டுறான். அங்க பச்சப் புல்லு தம்பி எண்டன். நம்மட கிறவுண்ட்ல ஒரு பக்கம் மணல், மத்தப் பக்கம் மாடு. இஸ்கூல் எதுக்கு இரிக்கி? பொடியன்கள இஸ்கூல் பழக்கட்டும், நல்லாப் பழகினவன நாம எடுப்பம். ஆக்கின சோறு கிடைக்கக்குள்ள ஆரும் போய் அடுப்பு மூட்டுவாங்களா?

என்ன? றிசேவ் டீம ஆரு தொடங்கினயா?... நான்தான். ஓம், ஒத்துக்கிறன், நான்தான் தொடங்கினன். ஏன் தொடங்கினன்? இந்தக் கலியாணத்தால!

நம்மட பக்கத்து வழக்கம் ஒங்களுக்குத் தெரியாததா காக்கா? மாப்பிள்ள பொண்ணுட ஊட்டுக்குத்தானே போற. வாப்பாக்காரர் மகளுக்கு ஊட்டக் கட்டி வெச்சிரிப்பார், இவன் உடுப்புப் பேக்கத் தூக்கிட்டுப் போய்க் குந்திருவான். பொறவு எந்த ஊருக்கு விளையாடுவான்? பொஞ்சாதிர ஊருக்கு! மச்சினன்மார் கூப்பிடுவாங்க, மாமனார் புதுச் சப்பாத்து வாங்கிக் குடுப்பார், முடிஞ்சி. நாங்க மூக்குச் சளி துடைச்சி வளத்த லெஃப்ட் பெக் நிந்தவூருக்குப் போயிட்டான். கோல் கீப்பர் அக்கரைப்பத்துக்கு. அவன்ட வலீமாவுல சாப்பிட்ட சோறு எனக்கு இன்னும் செமிக்கல்ல. எல்லாரும் "பாறகல்லாஹ்" எண்டு மாப்பிள்ளைக்குக் கை குடுக்காங்க, நான் அந்தக் கையப் பாத்துக்கொண்டு நிக்கன். ரெண்டு பெனல்டி புடிச்ச கை காக்கா அது! அக்கரைப்பத்தாருக்கு அதுட அரும தெரியுமா?

அதாலதான் றிசேவ் டீம் எண்ட யோசனய நான் வெச்சன். ஒருத்தன் கலியாணம் முடிச்சிப் போனா, அவன்ட இடத்துல நிக்கிறதுக்கு ஒருத்தன் ரெடியா இரிக்கணும். நல்ல யோசனதானே? கூட்டத்துல கைதட்டினாங்க. அண்டைக்கு மிஹ்லார் எதிர்த்தான், இப்ப அவன் ஆதரிக்கான், நான் எதிர்க்கன்... அது வேற கத.

என்ன நடந்திச்சி? பந்து ஒண்டு, டீம் ரெண்டு. பெரிய டீம் பழகக்குள்ள றிசேவ் பொடியன்கள் கோலுக்குப் பின்னால குந்திக்கொண்டு, "காக்கா, ஓடுங்க, காத்து அடிக்கிற பக்கம் ஓடுங்க, லேசா இரிக்கும்" எண்டு பகிடி பண்றானுகள். சரியெண்டு ஒரு நாள் ரெண்டு டீமையும் மோத விட்டன். நாலுக்கு ஒண்டு. ஆருக்கு நாலு எண்டு நான் சொல்லமாட்டன். பெரிய டீம் ஒரு கிழமையா என்னோட கதைக்கல்ல. உம்மாமார் வேற. "என்ட மகன் ஏன் ரெண்டாவது டீம்? அவனுக்கு என்ன கொற?" எண்டு கட வாசல்ல வந்து நிக்காங்க. ஒரு உம்மா, ஜேசிச் சட்டையில இருந்த "றிசேவ்" எண்ட எழுத்த பிளேட்டால சுரண்டியே எடுத்துட்டா. மாப்பிள்ள கேட்டு வாறவங்க பாத்தா என்ன நெனைப்பாங்களாம்!

ஓம் ஓம், றம்ஸீன். மறக்கல்ல.

றம்ஸீன்... எப்பிடிச் சொல்ற... ஒருத்தனப் பத்திக் கொற சொல்ற பழக்கம் எனக்கில்ல காக்கா. நம்மட சென்டர் போர்வட். பகல்ல தங்கம். ஆனா நீங்க ஒரு வாப்பா, நானும் ஒரு வாப்பா, மறைக்கேலாது. அவன் நித்திரையில உதைப்பான். ஓம், உதைப்பான். கண்ண மூடினா அவனுக்கு மெச் தொடங்கிரும். ரெண்டு கட்டில் உடைஞ்சிட்டு. இப்ப பாயிலதான் படுக்கான், அதுவும் செவத்துக்குத் தூரமா. பெரிய குத்தமெண்டு சொல்லல்ல, அல்லாஹ் குடுத்த கால். ஆனா ஒங்கட மகள் மெலிஞ்ச புள்ளயா எப்பிடி?... ஆ. அப்ப நீங்கதான் யோசிக்கணும்.

நான் ஒண்டு சொல்லவா? றுமைஸ் எண்டு ஒரு பொடியன் இரிக்கான். றிசேவ் டீம்ல றைட் விங். மாஷா அல்லாஹ்! அஞ்சு வேளத் தொழுக, மரியாத, படுத்தா கட்ட மாதிரி, அசையமாட்டான். இண்டைக்கே ஊட்டக் காட்டுறன், பாத்துட்டுப் போங்க... றிசேவ் எண்டா என்ன காக்கா? அவன் மனிசனில்லயா? ஒரு வருஷத்துக்குள்ள என்ட வாயால நல்ல வார்த்த சொல்லி அஞ்சு றிசேவ் பொடியன்களுக்குக் கலியாணம் முடிஞ்சிரிக்கி, தெரியுமா? நாலு பேர் மருதமுனையில மட்டும். ஒருத்தன் போய் மத்தவனுக்குப் பொண்ணு பாத்தான், அவன் போய் அடுத்தவனுக்கு.

அதுதான் வெனையாப் போயிட்டு. போன ஞாயித்துக்கிழம மருதமுனை டீமோட மெச். எங்களுக்கு நாலு கோல் விழுந்திச்சி. நாலையும் அடிச்சது ஆரு? அந்த நாலு பேரும்தான்! அதோட விட்டானுகளா? ஒவ்வொரு கோலுக்கும் ஓடி வந்து என்னக் கட்டிப் புடிக்கானுகள். "தலைவர் காக்கா, நீங்க இல்லாட்டி எனக்கு இந்தக் கலியாணமே இல்ல!" எண்டு. சனம் பாக்குது. நான் என்ன செய்ய? அழவா, துஆக் கேக்கவா? நாலாவது ஆள் வந்து, பொஞ்சாதி முழுகாம இரிக்கா எண்டு காதுல சொல்லிட்டுப் போறான்.

பெரிய டீமா? அவனுகள ஏன் கேக்கீங்க? முப்பத்தி நாலு, முப்பத்தஞ்சி. பின்மண்டையில வழுக்க. பந்துக்குப் பின்னால ஓடிட்டு நிண்டு இடுப்பப் புடிக்கானுகள். கலியாணமும் இல்ல, டீம விட்டுப் போறதும் இல்ல. அவனுகள் போனாத்தானே றிசேவ் பொடியன்களுக்கு இடம் வரும்? இடமில்லாம இவனுகள் கலியாணம் முடிச்சி ஓடுறானுகள்... ஏன் பெரிய டீம்ல ஒருத்தனுக்கும் கலியாணம் சரிவருகுதில்ல எண்டா, அது... அது நஸீபு காக்கா, தலையெழுத்து. கேட்டு வருவாங்க, என்னட்ட விசாரிப்பாங்க, போயிருவாங்க. நஸீபு.

வெளியில தோத்தா ஊட்டுக்குள்ளயாவது போய்க் குந்தலாம். எனக்கு அதுவும் இல்ல. என்ட மகள் சிபானா, மொன்டிசோரியில படிச்சிக் குடுக்கா. மூணு மாப்பிள்ள வந்திச்சி, மூண்டையும் வேணாம் எண்டா. உம்மாக்காரி உருட்டிக் கேக்க, கடைசியில தலையக் குனிஞ்சிக்கொண்டு ஒரு பேரு சொன்னா. றம்ஸீன்!

சந்தோஷத்துல நான் சுஜூதுல விழுந்துட்டன். பின்ன என்ன காக்கா? என்ட மகள முடிச்சா, அவன் என்ட வளவுக்குத்தானே வருவான்! கிறவுண்ட் எதிர்ல! செத்தாலும் வேற டீமுக்குப் போகமாட்டான்! சரி, கிளப்ப விடுங்க. அந்தப் பொடியனப் போல ஒருத்தன எங்க தேடுவீங்க? அலுமினியம் ஃபிட்டிங் செய்யிறான், சொந்தமா வேர்க்ஷொப். சிகரெட் இல்ல, வெத்தில இல்ல. அவன்ட வாப்பாக்கு ஒரு கால வெட்டி எடுத்த நாளில இருந்து, ஜும்ஆக்கு ஜும்ஆ அவரத் தூக்கித்தான் பள்ளியில இருத்துறான். காரைதீவு டீமோட ஒரு மெச்சில, அவங்கட கோல் கீப்பர் சுஜிந்தன் மோதி விழுந்து கெடக்கான். கோல் தொறந்து கெடக்கு காக்கா! சும்மா தட்டினாப் போதும்! இவன் பந்த வெளிய அடிச்சிட்டு அவனத் தூக்கப் போயிட்டான். தோத்தம். நான் பேசாத பேச்சில்ல, அவ்வளவு ஏசினன். ஏசிட்டு ஊட்டுக்கு வந்து சோத்துல கை வெக்கக்குள்ள நெனச்சன், ஒரு வாப்பா மகளுக்குத் தேடுறதெண்டா இவனத்தான் தேடணும் எண்டு.

முஸ்பிறா மாட்டாளாம். என்ட பொஞ்சாதி. ஒரே பிடி. "அவன் நித்திரையில உதைக்கிறவன், என்ட புள்ள சாகவா?" எண்டு கேக்கா. ஆரு சொன்ன எண்டன். அவட மூத்த ராத்தா ஸகியா மருதமுனையில ஒரு கலியாண ஊட்டுல கேட்டுட்டு வந்தாவாம். மூணு கட்டில் உடைஞ்சதாம்! மூணு! பாருங்களன் சனத்துட வாய! நான் சொன்னது ரெண்டு கட்டில்தானே, அது எப்பிடி மூணாகின?...

...

என்ன காக்கா, அப்பிடிப் பாக்கீங்க?

இல்ல, நான் சொல்ல வந்தது... ரெண்டு கட்டில் எண்டு சனம் சொன்னத நான்...

சரி. சரி, மறைச்சி என்ன செய்ய. போன வருஷம் மருதமுனையில இருந்து ஒருத்தர் றம்ஸீன விசாரிச்சி வந்தார். இந்தக் கடையிலதான் நிண்டார். செமி ஃபைனலுக்கு நாலு நாள் இருந்திச்சி காக்கா! நாலே நாள்! நான் என்ன செய்ய? வாயில வந்தது அது. கோல் கீப்பர் போனாப் பொறவு, பெரிய டீம்ல ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொண்டு சொல்லி வெச்சிரிக்கன். சென்டர் ஹாஃப் கொறட்ட விடுவான் எண்டு, புதுக் கீப்பர் கோவத்துல கோப்பை உடைப்பான் எண்டு. ஒருத்தனும் அப்பிடியில்ல. எல்லாம் நல்ல பொடியன்கள். றம்ஸீன் படுத்தா மூச்சுக்கூடக் கேக்காதெண்டு அவன்ட உம்மாவே சொன்னா.

முஸ்பிறாட்ட உண்மையச் சொல்லலாமே எண்டா? எப்பிடிச் சொல்ற? சொன்னா, அவ மத்தவனுகளப் பத்தியும் கேப்பா. பொழுது படுறதுக்குள்ள தெருவெல்லாம் போயிரும். பதினொரு உம்மாமாரும் வெளக்குமாத்தத் தூக்கிட்டு இந்தக் கட வாசலுக்கு வருவாங்க. நாலு மாசமா என்ட புள்ள சரியாச் சாப்பிடுறல்ல. நான் பாத்துக்கொண்டு ஆணி நிறுத்துக் குடுத்துக்கொண்டிரிக்கன். வெக்கமா இரிக்கி காக்கா. மெய்யா வெக்கமா இரிக்கி.

என்ன, எழும்பிட்டீங்க? தேத்தண்ணி வருது, இரிங்க! பஸ்ஸா? பஸ் மெயின் றோட்டுல, இந்தப் பக்கம்... காக்கா, அது இல்ல, அது கிறவுண்டச் சுத்திப் போற ஒழுங்கப் பாத. அது றம்ஸீன்ட ஊட்டுப் பக்கம்! றுமைஸ்ட ஊடு இஞ்சால! காக்கா! நான் பின்னால சொன்னதுதான் பொய், முன்னால சொன்னது மெய்! உதைப்பான்! வல்... வல்லாஹி எண்டு சத்தியம் பண்ண வாய் வருகுதில்ல. போறார். திரும்பியே பாக்காமப் போறார்.

ஆ... மகள். தேத்தண்ணியா. எப்ப வந்த நீ? எதுல இருந்து கேட்ட? ரெண்டு கட்டில்லயிருந்தா, மூணு கட்டில்லயிருந்தா?... முதல்ல இருந்தேவா?

அழாத. அழாத மகள். வாப்பா டீமப் பாத்தன், ஒன்னப் பாக்கல்ல. அதுதான் உண்ம. அங்க பாரு, அந்தாள் றம்ஸீன்ட ஊட்டுக் கேட்டுக்குக் கிட்டப் போயிட்டார். ஒலுவில்காரனுக ஒரு நல்ல மாப்பிள்ளயக் கண்டா விடமாட்டானுகள். றம்ஸீன் போனா, அவன்ட இடத்துக்கு றிசேவ்ல இருந்துதானே ஆள் எடுக்கணும்... வெள்ளிக்கிழம மிஹ்லாரோட சேந்து நானும் கைதூக்க வேண்டியதுதான். சே, இப்பவும் பாரு, எனக்கு அந்த நெனப்புத்தான் வருது!

என்ட செருப்பு எங்க? அந்தப் பைப் கட்டுக்குக் கீழ பாரு. கடையப் பாத்துக்க, ஆரும் வந்தா நாளைக்கு வரச் சொல்லு. நான் குறுக்கால கிறவுண்டால ஓடுறன், அந்தாள் சலாம் சொல்லி உள்ளுக்குக் குந்துறதுக்கு முந்தி நான் போய்ச் சேரணும். நீ உள்ளுக்குப் போய் உம்மாட்டச் சொல்லு. உள்ளதச் சொல்லு மகள், வெளக்குமாறு வந்தா வரட்டும். றம்ஸீன் நித்திரையில உதைக்கிறவனில்ல, முழிச்சிருந்து உதைச்சது வாப்பாதான் எண்டு சொல்லு.