கரும்பொருள் சேதி படித்த வேதகிரியார்

ஏரிக்கரை வானொலியின் எழில்மிகு குரலே! ஏர் பிடித்தவரும் நாற்று நட்டவரும் வேலையை விட்டுக் காது கொடுத்த இன்தமிழே! விண்ணையும் அணுவையும் உத்திரமேரூர் வீடுகளுக்கு விருந்தாக்கிய வித்தகரே!

இப்படித்தான் இந்தப் பணிநிறைவு வாழ்த்துமடல் நீள்வதாக இருந்தது. விளித்துப் போற்ற வேதகிரியார் ஐயா விழாவுக்கு வரவில்லை. மாலையும் பொன்னாடையும் அவர் நாற்காலியில் கிடக்கின்றன. ஆகவே அவரைப் பற்றி அவையோருக்கே சொல்லிவிடுகிறோம். மடலைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டத்தானே போகிறோம், உள்ளதையே மாட்டுவோம்.

எங்கள் சமுதாய வானொலி தொடங்கிய நாள் முதல் சந்தை விலையும் மழை நிலவரமும் வெள்ள எச்சரிக்கையும் அறிவியல் செய்தியும் படித்த ஒரே குரல் வேதகிரியாருடையது. அவர் உயிராய் நேசித்த செய்தி ஒன்று உண்டு. விண்மீன் திரள்கள் சிதறாமல் கட்டிப்போட்டு வைத்திருப்பதாகச் சொல்லப்படும், எந்தக் கருவிக்கும் இன்னும் அகப்படாத கரும்பொருள். அதைப் பிடிக்க மலைக்கடியில் கருவி வைத்துக் காத்திருக்கிறார்கள். அங்கே கருவி லேசாகச் சிணுங்கினால் போதும், இங்கே எங்களுக்கு வரும் செய்தியின் தலைப்பு ‘சிக்கியது கரும்பொருள்!’ என்று குதிக்கும்.

முதல்முறை அதை ஐயா பூரித்துப் படித்தார். நிலையத்துத் தொலைபேசி ஓயவில்லை. பிறகு அந்தச் சிணுங்கல் வெறும் இரைச்சல்தான் என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள். அதையும் படிக்க வேண்டும் என்று ஐயா மன்றாடினார். “கெடைக்கலன்றது ஒரு நியூஸா சார்?” என்று சிரித்தார் எங்கள் இயக்குநர் ராஜாராம். அப்புறம் இன்னொரு ‘சிக்கியது’, அதன்பின் இன்னொன்று. தலைப்பு எழுதியவனை இந்த ஊரில் எவனுக்குத் தெரியும்? கெட்டது ஐயா பெயர்தான். திருப்புலிவனம் டீக்கடையில் அவர் குரல் கேட்டாலே, “இன்னிக்கு இன்னாத்தப் புட்ச்சாங்களாம்?” என்று கேலி செய்தார்கள்.

அதுவரை சிரிப்புதான். போன ஐப்பசியில் பாலாற்றில் வெள்ளம் வருகிறது, கரையோரத்தார் மேட்டுக்குப் போய்விடுங்கள் என்று ஐயா தொண்டை வறளப் படித்தார். பழையசீவரத்தில் ஆற்றோரம் ஆடு வளர்த்துப் பிழைத்த ஜெயம்மாள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பட்டியைத் திறக்கவில்லை. விடிந்தபோது பட்டியும் இல்லை, ஆடும் இல்லை.

ஐயா ஓடிப்போய்ப் பார்த்தார். அந்த அம்மா ஒரு சுடுசொல் சொல்லவில்லை. “ஒங்க மேல தப்பு இல்ல சார். நீங்க சொல்றது எப்பவும் நடக்காதே, இதுவும் அப்டித்தான்னு நென்ச்சிக்கினேன்” என்றார். அன்றிலிருந்து ஐயாவுக்குச் சோறு இறங்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நேற்று மாலை அவருடைய கடைசிச் செய்தி. யாரிடமும் கேட்காமல் படித்தார்: “கரும்பொருள் இதுவரை அகப்படவில்லை. அகப்பட்டதாக நான் படித்தவை எல்லாம் பொய்த்துப்போயின.” ‘சிக்கியது’ என்றால் அலறும் தொலைபேசி வாயடைத்துக் கிடந்தது. வெகுநேரம் கழித்து ஒரே ஓர் அழைப்பு. ஜெயம்மாள்.

“சார், இதுனாச்சும் நெசமா?”

கேலி இல்லை, கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தான் ‘நிஜம்’ என்றால் மட்டும் அந்த அம்மா நம்பவா போகிறார் என்று ஐயாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தொலைபேசியை வைத்துவிட்டு எழுந்து போனவர்தான், இன்று இந்த நாற்காலிக்கு வரவில்லை.

வேதகிரியார் நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க! கரும்பொருள் மெய்யாகவே கிடைத்து, அந்தச் சேதியை அவர் வாயாலேயே சொல்லி, பழையசீவரத்தில் ஒரே ஒருவராவது அதை நம்பும் நாள் வரை வாழ்க! மனதார வாழ்த்துகிறோம். அப்படி ஒரு நாள் வரும் என்று எங்களுக்கே நம்பிக்கை இல்லை.

தலைகுனிந்து,
ஏரிக்கரை சமுதாய வானொலிப் பணியாளர்கள்,
உத்திரமேரூர்.