பள்ளம் விழாத முதல் இருக்கை

தராசு முள்ளைப் போல் நடு நின்று இந்த அவையை நடத்தும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையை நிறைத்து அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, கல்லாவைப் பூட்டிவிட்டுக் காது கொடுக்க வந்திருக்கும் கடைவீதிச் சொந்தங்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் அன்னையர்களே, பின்வரிசையில் நின்றபடி 'சீக்கிரம் முடிங்க' என்று கண்ணாலேயே சொல்லும் தம்பிமார்களே, உங்கள் அனைவரையும் இந்த ஏணிக்கடைக்காரன் வணங்குகிறேன்.

என் மகளைப் பாராட்டக் கூடியிருக்கிறீர்கள். செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் முதல் கப்பலில் ஏறப்போகிறவர்களில் அவளும் ஒருத்தி. புறப்படும் முன் நோய் எதுவும் தொற்றக்கூடாது என்று கண்ணாடி அறைக்குள் வைத்துவிட்டார்கள். ஆகவே அவள் நாற்காலி காலி. பக்கத்து நாற்காலியும் காலி. அது என் மனைவிக்குப் போட்டது. "திரும்பி வராத ஊருக்குப் பொண்ணை அனுப்புறதுக்குப் பேரு பாராட்டு விழாவா? நீங்களே போய்ப் பேசிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னபடி நான் மட்டும் உங்கள் முன் வந்து நிற்கிறேன்.

என்ன தம்பி? "முதலாளி போவாரா மாட்டாரா, அதைச் சொல்லுங்க" என்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் எழுந்தேன். 'முதல் கப்பலின் முதல் இருக்கை எனக்கே' என்று விண்கலக் கம்பெனி முதலாளி சொன்ன நாளிலிருந்து, நம் வீதியில் தேநீர் ஆறும் வரை இதே பேச்சுத்தானே?

நான் படிப்பால் வளர்ந்தவன் அல்லன், படிக்கட்டால் வளர்ந்தவன். ஏணி வாங்க வருகிறவர் முதலில் விலை கேட்பதில்லை. "தாங்குமா?" என்றுதான் கேட்பார். நான் வாயால் பதில் சொல்வதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உச்சிப் படி வரை ஏறி நின்று, "இப்ப விலை பேசலாமா?" என்பேன். என் வியாபாரம் மொத்தமும் அந்த ஒரு கேள்வியில் அடங்கும். என் மகள் கல்லூரி விட்டு வந்தால் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "அப்பா, கொஞ்சம் எடையைக் குறைங்க, ஏணி பாவம்" என்பாள். வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே பணம் எடுப்பார்.

போன மாதம் குடும்பத்தாரை அழைத்துத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டினார்கள். கப்பல் கிளம்பும்போது உடம்பை அழுத்தும் பாரம் பெரிதாம். அதனால் பயணி ஒவ்வொருவரையும் ஈரக் களிம்பில் படுக்கவைத்து, முதுகின் அச்செடுத்து, அதன்படியே இருக்கை வார்க்கிறார்கள். என் மகளின் இருக்கையைத் தடவிப் பார்த்தேன். இடது தோள் மட்டும் சற்று இறங்கிய பள்ளம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பையை ஒரே பக்கம் மாட்டிய தோள் அது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் என் பிள்ளை என்று சொல்லிவிடுவேன்.

முதல் இருக்கைக்கு வந்தேன். முதலாளியின் பெயர் பித்தளையில் மின்னியது. கை வைத்தேன். பலகை, நண்பர்களே. பள்ளமே இல்லாத பலகை.

விருந்தினருக்குத் தேநீர் கொடுத்த இடத்தில் அவரையே பிடித்துவிட்டேன். "ஐயா, உங்க சீட்டுல இன்னும் அச்சு எடுக்கலையே?"

"எடுக்கணும். ஒருநாள் கண்டிப்பா போவேன்" என்றார்.

ஒருநாள். இன்னொரு நாள் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போன வாடிக்கையாளர் எவராவது உங்கள் கடைக்குத் திரும்பி வந்ததுண்டா? சிரிக்கிறீர்கள். எனக்கும் அங்கே சிரிப்புத்தான் வந்தது. "நான் ஏணி விக்கிறவன். நான் ஏறிக் காட்டிட்டுத்தான் விப்பேன்" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஏறுறது, இறங்கிடலாம்னு தெரிஞ்சதால. இதுல இறங்குறதுக்குப் படி இல்ல."

வியாபாரி வியாபாரியிடம் மறைக்கவில்லை.

பிறகு, அவள் இருக்கும் அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மகளிடம் சொன்னேன். "அவர் வரமாட்டாரும்மா."

"தெரியும்ப்பா. அச்செடுக்கிற பிரிவுலதானே நான் வேலை பார்த்தேன்? எத்தனையோ தடவை அவருக்கு நாள் குறிச்சோம். வரவே இல்ல."

"தெரிஞ்சுமா போற?"

"அவரை நம்பிப் போகலப்பா. எனக்குப் போகணும், போறேன். இவ்வளவு நாள் நீங்க ஏறினீங்க, நான் பிடிச்சேன். இப்ப நான் ஏறுறேன், நீங்க பிடிச்சுக்கோங்க."

கைதட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், தட்டாதீர்கள். கதவு சாத்தும் வரை 'நான் வரவில்லை' என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. உங்கள் ஒவ்வொரு கைதட்டலும் அவளை ஒரு படி மேலே தள்ளுகிறது.

அவர் போவாரா? அவர் பெயர் போகும். அவர் கொடி போகும். அவர் படம் போகும். அவர் போகமாட்டார். போவது என் மகள். போவது ஒருவருடைய தம்பி, ஒருவருடைய மனைவி, யாரோ ஒரு தாய் தாலாட்டிய பிள்ளை. நாளை எவராவது வானத்தை விற்க வந்தால் அவர் வாயைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். அந்த முதுகின் பள்ளம் இருக்கையில் விழுந்திருக்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள். விழாத இடத்தில் உங்கள் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்.

ஆனால் இதையெல்லாம் சொல்லி என்ன ஆகப்போகிறது? இவை அத்தனையும் என்னைவிட நன்றாகத் தெரிந்தவள்தானே போகிறாள்? பிடித்துக்கொள் என்றாளே, எதைப் பிடிப்பேன்? எந்த அடியைப் பிடிப்பேன்? பல கோடி மைல் நீண்ட ஏணிக்கு எந்தத் தகப்பனின் கை போதும்? அவரோ ஏறவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. நான் பிடிக்கிறேன் என்கிறேன், என் கையில் ஒன்றுமே இல்லை.

சங்கம் தரும் நினைவுப் பரிசை அந்தக் காலி நாற்காலியிலேயே வைத்துவிடுங்கள் தலைவரே, நான் வாங்கிக்கொள்ளவில்லை. நாளைக் காலை வழக்கம்போல் கடை திறப்பேன். யாராவது வந்து "தாங்குமா?" என்பார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவேன். அடியில் ஆளிருக்காது. இறங்கும்போது, என் மகளுக்குக் கிடைக்காத அந்தப் படிகளை ஒவ்வொன்றாகக் காலால் தொட்டுத்தான் இறங்குவேன்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. தட்டாமல் மடியிலேயே கிடந்த கைகளுக்கு இன்னும் பெரிய நன்றி. விடைபெறுகிறேன், வணக்கம்.