ராஜாவிடம் சொன்னது

திண்டிவனத்தில் பஸ் ஏறிய இரண்டு தோழிகள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் எகிப்து போய்விட்டுத் திரும்பியவள்.

“கல்லறைய வுட்டு வெளிய வரும்போது, அந்த ராஜாகிட்ட ‘போய்ட்டு வர்றேன்’னு சொல்லிட்டேன்டி.”

“ஐயய்யோ! சாவு வூட்டுல யாராச்சும் அப்படி சொல்லுவாங்களா?”

“கூட வந்தவளுங்களும் அதத்தான் கேட்டாளுங்க. உள்ள சாவு வூடு மாதிரியே இல்லடி. கூரை பூரா நீலம், அதுல மஞ்ச மஞ்சயா நட்சத்திரம் வரைஞ்சிருக்காங்க. செவுத்துல ரொட்டி, வாத்து, திராட்சைன்னு அவரு சாப்பிட எல்லாம் இருக்கு. அண்ணாந்து பார்த்துக்கினே நின்னேன். தானா வாயில வந்துடுச்சி.”

பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டியது.

“வுடு, ஒண்ணும் ஆகாது. அவரு செத்து எத்தினி ஆயிரம் வருஷம் ஆச்சு.”

“பயம்லாம் இல்லடி. அன்னிக்கு ஆஸ்பத்திரியில எங்க வூட்டுக்காரர் தூங்குறாருன்னு எழுப்பாம, சோறு எடுக்க வூட்டுக்கு வந்தேன். திரும்பிப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அவருகிட்ட சொல்லாம வந்தத, அவ்ளோ தூரம் போயி யாரோ ஒரு ராஜாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்.”