கவது

வாய் குழறல தம்பி. கவதுன்னுதான் சொன்னேன். அந்தக் கவத முழுசாத் தள்ளுங்க, ரெண்டு பக்கமும் தெறந்தாதான் உங்க மெஷின் வெளிய வரும். ஆமா, கதவுதான். காலேஜ்ல பாடம் நடத்துற ஆளு, அது தெரியாமலா இருப்பேன்?

எங்க பொண்ணு பேச ஆரம்பிச்சப்ப கவதுன்னு சொன்னா. கொஞ்சறதுக்காக அவங்கம்மா அப்படியே திருப்பிச் சொன்னா. அப்புறம் நான். அப்புறம் பெரியவன், எங்க பையன். மாமியார் வந்து கொஞ்ச நாள் தங்கிட்டுப் போயி, ஃபோன்ல, இருங்க, கவத சாத்திட்டு வரேங்கறாங்க. கூத்து என்னன்னா, பள்ளிக்கூடம் போனதும் பாப்பாவுக்கு வாய் திருந்திருச்சு. எங்களுக்குத் திருந்தல. நீயெல்லாம் ஒரு வாத்தியாராப்பான்னு கேப்பா.

அவசரமா? ஒயரச் சுத்துங்க, சுத்துற வரைக்கும் சொல்றேன். நான் நடத்துற பாடமே இதான். சில ஜீன் உடம்புல ஒண்ணே ஒண்ணா இருக்காது. ஒரே மாதிரி நெறைய காப்பி, வரிசையா. காலப்போக்குல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கமா மாறிப் போயிருக்கணும்ல? போகாது. ஒண்ணு அடிபட்டா பக்கத்துல இருக்கறதப் பாத்து எழுதிக்கும். அதனால தலைமுறை தலைமுறையா எல்லாம் சேந்தே மாறும். பரீட்சையில ஒரு பெஞ்சு பூரா ஒரே தப்பு எழுதியிருப்பானுங்க, அடுத்த பெஞ்சு பூரா வேற தப்பு. அதே கததான். இதச் சொல்லித்தான் கிளாஸ்ல சிரிக்க வைப்பேன்.

ஆனா பாத்து எழுதுறதுக்கு எது சரி, எது தப்புன்னு தெரியாதே. நல்லதப் பாத்து கெட்டது திருந்தும். கெட்டதப் பாத்து நல்லதும் கெடும். தசைக்கு வேண்டிய ஜீனுக்குப் பக்கத்துலயே அரைகுறையா ஒரு காப்பி இருக்கு. எந்தத் தலைமுறையிலயோ, யாருக்கோ, நல்லது அதப் பாத்து எழுதிக்கிச்சு. அப்படிக் கெட்டது என் பக்கத்துலேர்ந்து ஒண்ணு, அவங்கம்மா பக்கத்துலேர்ந்து ஒண்ணு, ரெண்டும் பாப்பாகிட்ட வந்து சேந்துச்சு. மொதல்ல படி ஏற முடியல. அப்புறம் வீல்சேர். அப்புறம் மூச்சுக்கு இந்த மெஷின். டாக்டர் எங்களுக்கு விளக்கறதுக்குப் பேப்பர எடுத்தாரு. நான் வாங்கி நானே வரைஞ்சு காமிச்சேன் தம்பி. அழகா வரைஞ்சேன். இவ, என் வீட்டுக்காரி, என்னையே பாத்துக்கிட்டிருந்தா. எதுக்கு வரைஞ்சேன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.

பாத்து, அந்தக் குழாய் மாட்டுது. ம், இப்ப வரும்.

நேத்து இவ சமையக்கட்டுலேர்ந்து, கதவ சாத்துங்க, கொசு வருதுன்னா. சரியாத்தான் சொன்னா. சொல்லிட்டு, கையில கரண்டியோட அப்படியே நின்னா. பெரியவன் ஊர்லேர்ந்து வந்தன்னிக்கே கதவுன்னுதான் சொன்னான், ஆளுங்க வந்து போற நேரம், வேற எப்படிச் சொல்லுவான். ஒவ்வொருத்தரா திருந்திட்டாங்க. நான் ஒருத்தன்தான் பாக்கி. ஒத்தக் காப்பி எத்தன நாளைக்குத் தாங்கும், சொல்லுங்க.

என்னது, மாத்து மெஷினா? வேணாம் தம்பி. உங்க ஆபீஸ்ல சொல்லலையா? பாப்பா போன வாரம் போயிட்டா.

பரவால்ல, உங்களுக்கு எப்படித் தெரியும். உக்காராதீங்க, வண்டி நிக்குதுல்ல. கையெழுத்து எங்க, இங்கயா? சரி.

போறப்ப அந்த... அதச் சாத்திட்டுப் போங்க.