இருபத்துமூன்று மணி நேரம் படுத்திருந்த கிரேன் அக்கா

தலைமை நாற்காலியில் நிமிர்ந்து வீற்றிருக்கும் நம் சிகிச்சை மையத்தின் இயக்குநர் அவர்களே! முறிந்த எலும்புக்கு மருந்தும் முறிந்த மனத்துக்கு முறுவலும் தரும் மருத்துவப் பெருமக்களே! முன்வரிசையில் முழங்காலை நீட்டி அமர்ந்து, ‘இவன் எப்போது முடிப்பான்’ என்று முகத்தாலேயே கேட்கும் பெரியோர்களே! ஆயிரம் வேலைக்கு நடுவிலும் அன்போடு வந்திருக்கும் தாய்மார்களே! பதினோரு ஆண்டுகளாகப் பிறர் காலைப் பிடித்தே பிழைக்கும் இந்தப் பயிற்சியாளனின் பணிவான வணக்கம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். இன்று நான் சொல்ல வந்ததே நான் அசடு வழிந்த கதைதான்.

போன ஆண்டு நம் மையத்துக்கு ஒரு புதுமை வந்தது. தொடையில் கட்டிக்கொள்ளும் பட்டை. அதற்குள் நகத்தளவு சென்சார். கால் எத்தனை முறை எழுந்தது, எத்தனை படி ஏறியது, அத்தனையும் கம்ப்யூட்டருக்குப் போகும். மூன்று வாரக் கணக்கு போதும், பன்னிரண்டாம் வாரத்தில் இந்தக் காலின் பலம் எவ்வளவு கூடும் என்று முன்கூட்டியே கணித்துவிடும்! ஜோசியமா? கிளி எடுத்த சீட்டா? சுத்தமான கணிதம் ஐயா!

அந்த நேரத்தில் வந்தவர்தான் கிரேன் அக்கா. கட்டுமான இடத்தில் கோபுர கிரேன் ஓட்டுபவர். கால் முறிந்து தேறியிருந்தார். அவர் இருக்கைக்குப் போக இருநூற்றுப் பத்துப் படி இரும்பு ஏணி ஏற வேண்டும். பன்னிரண்டு வாரத்தில் கால்பலம் முப்பது சதவீதம் கூடினால் கிரேன்; கூடாவிட்டால் கீழே கிடங்கில் வேலை என்றது நிறுவனம்.

பட்டையைக் கொடுக்கும்போது நான் சொன்னேன்: “அக்கா, விலை ஜாஸ்தி. தண்ணி படக் கூடாது, அழுக்குப் படக் கூடாது. கண்ணு மாதிரி பாத்துக்கோங்க.”

மூன்றாம் வாரம் கம்ப்யூட்டர் கணித்தது, பதினொரு சதவீதம்! ஆராய்ந்தேனா? அக்காவை அழைத்தேனா? ஒரு வார்த்தை கேட்டேனா? ‘கிடங்கு வேலையே ஏற்றது’ என்று நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன், கையெழுத்திட்டேன், சீல் குத்தி அனுப்பியும் விட்டேன்.

மறுநாள் காலை பயிற்சி அறை வாசலில் அக்கா நின்றார்.

“கால் என்னுது சார். கையெழுத்து உங்களுதா?”

“நான் சொல்லலக்கா, கம்ப்யூட்டர் சொல்லுது.”

“அப்ப அதையே கூப்பிடுங்க. என்கூட ஏணி ஏறட்டும் பாக்கலாம்.”

சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். “இருபது வருஷமா மேலேருந்து வேலை பாத்தவ சார். கிடங்குல அடைச்சுப் போட்டா நான் செத்துருவேன்.”

தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ஆனாலும் வீம்பு விடவில்லை! திரையை அவர் பக்கம் திருப்பினேன். தினமும் இங்கே பயிற்சி நடக்கும் ஒரு மணி நேரம் மட்டும் கோடு மேலே எழும்பியிருந்தது. மற்ற நேரமெல்லாம் தட்டை.

“மிச்ச நேரம் நான் என்ன பண்றேனாம்?”

“படுத்திருக்கீங்க.”

“இருபத்துமூணு மணி நேரமாவா? அட பாவிகளா! எங்க வீடு அஞ்சாவது மாடி. லிஃப்ட் கெட்டு நாலு மாசமாச்சு. மாமியாருக்கு மருந்து, பசங்களுக்குப் பால்னு நாளைக்கு ஆறு தடவை ஏறி இறங்குறேன் சார்!”

“அப்ப பட்டை?”

“நீங்கதானே கண்ணு மாதிரி பாத்துக்கச் சொன்னீங்க? வெளிய போனதும் கழட்டி, கவர்ல சுத்தி, பீரோவுல வச்சுப் பூட்டிருவேன்.”

அங்கே ஓர் அம்மா தலையில் அடித்துக்கொள்கிறார். அடித்துக்கொள்ளுங்கள் தாயே, அன்று நானும் அதைத்தான் செய்தேன்.

உடனே கடிதத்தைத் திரும்பப் பெற்றேன். அக்கா மூன்று வாரம் பட்டையைக் கழற்றாமல் படியேறினார். கம்ப்யூட்டர் மறுபடி கணித்தது: இருபத்தெட்டு முதல் முப்பத்துநாலு வரை. பாவம், ஒரே எண்ணாகச் சொல்ல அதற்கும் பயம்! பன்னிரண்டாம் வாரம் அளந்தோம். முப்பத்தொன்று!

கைதட்டாதீர்கள், ஏணி பாக்கி இருக்கிறது. நிறுவனத்தில் ஏறிக் காட்டச் சொன்னார்கள். துணைக்கு நானும் ஹெல்மெட்டும் பெல்ட்டும் மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினேன். சிறிது நேரத்தில் செல்போன் அடித்தது.

“மேல வந்துட்டேன் சார். நீங்க எங்க?”

“பதினாலாவது படி. கால் நடுங்குதுக்கா.”

“கீழ பாக்காதீங்க. அப்படியே நில்லுங்க, நான் வர்றேன்.”

வந்தார் ஐயா! உச்சியிலிருந்து இறங்கி வந்தார். ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கொடுத்து என்னைத் தரையில் சேர்த்தார். என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இருநூற்றுப் பத்துப் படியையும் மறுபடி ஏறிப்போய்த் தம் இருக்கையில் அமர்ந்தார்!

அந்த இரண்டாவது ஏற்றத்தை எந்தக் கம்ப்யூட்டர் கணித்தது? எந்த நிபுணன் கணித்தான்? கருவி வேண்டும், கணக்கு வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடுமுன், காலுக்குச் சொந்தக்காரரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள்! அன்று நான் கேட்கவில்லை. அதற்காக இந்த மேடையில், இத்தனை பேர் முன்னால், அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அவர் இன்று வரவில்லை. மேலே வேலையில் இருக்கிறார். பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. வீடு வரை உங்களைச் சுமக்கப்போகும் கால்களுக்கு என் வணக்கம்!