உள்முத்து

வாடின வேப்பிலை எனக்குப் பிடிக்காது. தாயம்மா வீட்டு வாசலில் தினமும் புதுக் கொத்து செருகியது நான்தான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருடம். ரந்தாவ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரைச் சயாம் ரயில் வேலைக்கு இழுத்துப் போனார்கள். மருந்தறைச் சாவி என்னிடம் வந்தது. பால்வெட்டுக்காரர் பிள்ளைகளில் சிரம்பான் போய்ப் படித்தவள் நான் ஒருத்திதான்.

நான்கு வீடுகளில் அம்மை. அம்மை குத்த மருந்தில்லை. வாசலில் வேப்பிலை கட்டினால் யாரும் உள்ளே போகமாட்டார்கள். அந்த வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது. தாயம்மா மட்டும் போனாள். நான்கு வீட்டுக்கும் ஒரே வாளியில் மரவள்ளிக் கஞ்சி. கூடாது என்று லயத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன்.

“படிச்ச புள்ள, நீ பொஸ்தகத்துக்குக் கஞ்சி ஊத்து. நான் மனுசனுக்கு ஊத்துறேன்லா.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபமில்லை. நோய் அந்த வாளியோடு நடக்கிறதே என்ற கவலைதான்.

மறுவாரம் அவளுக்குக் காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம். குளிர்காய்ச்சல் என்று பார்த்ததும் தெரிந்தது. அம்மா வந்திருக்கிறாள், அம்மைதான் என்று சொல்லி, வாசலில் இலை கட்டினேன்.

“முத்து ஒண்ணுகூடப் போடலியே, பஞ்சாலை புள்ள?”

“உள்முத்து. வெளிய தெரியாது.”

கையெடுத்துக் கும்பிட்டாள், என்னையல்ல. பிறகு அவள் வெளியே வரவில்லை. அம்மை கண்ட வீட்டில் மருந்து ஆகாது என்பதால் கேட்கவுமில்லை. பதினோராம் நாள் செத்தாள்.

தொற்று நின்றது. சிரிப்பும் நின்றது. வேறு எந்த வீட்டிலும் யாருக்கும் வரவில்லை.

அந்த நான்கு வீடுகளிலும் இப்போது ஆளில்லை. முத்து இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் காத்திருந்தவர்களும் அவற்றில் இருந்தார்கள். கஞ்சி கொண்டுபோகத்தான் யாருமில்லை. வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு நானும் திரும்பினேன். சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே.

குளிர்காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை ஆறும் பெட்டியில் அப்படியே இருக்கின்றன. எண்ணிப் பாருங்கள். உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன்.